சாதா மாடல்

ஆடி முடிந்து ஆவணியும் பாதி கழிந்துவிட்டது. செல்வலட்சுமியைக் கூட்டிப்போக விருதுநகரிலிருந்து ஒரு ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

தலை ஆடிக்கு அழைத்து வந்த பெண்ணை, மாதம் முடிந்த கையோடு மாப்பிள்ளை வந்து கூட்டிப்போக வேண்டும். அச்சங்குளத்தில் அதுதான் வழக்கம். வராமல் போனால் முதல் வாரம் ஊர் பேசாமல் இருக்கும். இரண்டாவது வாரம் குழாயடியில் வைத்துப் பெண்ணின் ஆத்தாளிடம் கேட்கும். மூன்றாவது வாரம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதுதான் கெட்ட வாரம். இப்போது அந்த வாரம் நடந்துகொண்டிருந்தது.

செல்வலட்சுமியின் அய்யா பெத்தணனுக்குக் காரணம் தெரியும். காரணத்தை உண்டாக்கினது அவருடைய வாய்தான். நிச்சயத்தன்றைக்கு மாப்பிள்ளையின் ஆத்தா பொன்னுத்தங்கம், தாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்கிறதைச் செய்யுங்கள் என்று பக்குவமாகத்தான் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். பெத்தணனின் பங்காளி ஒருவன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "மருந்துக்காரன் என்னத்தப் போட்டுருவான், ரெண்டு பெட்டி மத்தாப்பு போடுவான்" என்றான். கூட்டம் சிரித்தது. பெத்தணன் எழுந்து நின்று, "கார் போடுறேன்லே" என்று சொல்லிவிட்டார். சொன்னது பங்காளியைப் பார்த்து. பிடித்துக்கொண்டது மாப்பிள்ளை வீடு.

மாப்பிள்ளை செழியன் டயர் கம்பெனி ஒன்றில் ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கிறவன். சட்டையை உள்ளே விட்டு டை கட்டுகிற வேலை. அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டே காரின் பெயரைச் சொன்னான். பழைய வண்டியானாலும் போதும் மாமா, ஆனால் அதில் ஸ்போர்ட்டாகப் பாருங்கள் என்றான். அந்த ஸ்போர்ட் என்பதும் காரின் பெயரிலேயே சேர்த்தி என்று பெத்தணன் நினைத்துக்கொண்டார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத் தமிழ் தெரியும். இங்கிலீசு எழுத்தெல்லாம் அவருக்குக் கோழி கிண்டின மண்தான்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. கார் மட்டும் பாக்கி. தாயில்பட்டிப் பக்கம் கிடந்த ஒன்றரைக் குறுக்கம் கரிசல் நிலத்தை விற்றுக் கையில் காசோடுதான் இருந்தார். ஆனால் ஆடிக் கடைசியில் பொன்னுத்தங்கம் ஆள் மூலம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். பிள்ளையைப் பஸ்ஸில் அலைக்கழிப்பானேன், கார் வந்ததும் அதிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று. கேட்டால் கரிசனம் மாதிரித்தான் இருக்கும். பெத்தணனின் பெண்டாட்டி சோலையம்மாளுக்கே அது புரிய இரண்டு நாள் ஆயிற்று. புரிந்த அன்றைக்கு அடுப்பில் உலை வைக்கவில்லை.

சீசன் உச்சத்தில் இருந்தது. தீபாவளிக்கு ஏழு வாரம். வடக்கே போகிற லோடு தினமும் நாலு லாரி கிளம்பியது. பட்டாசுக் கம்பெனியில் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. ஆனாலும் பெத்தணன் பார்ப்பது மருந்து கலக்குகிற வேலை. அது விடிவதற்குள் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். சூடு ஏறின பிறகு மருந்தைத் தொட்டால் மருந்து நம்மைத் தொடும். ஆகப் பத்து மணிக்கு மேல் அவர் தன் பாட்டுக்கு இருக்கலாம். அன்றைக்குப் பத்து மணிக்குத் தொட்டித் தண்ணீரில் நாலு வாளி ஊற்றிக் குளித்தார். எவ்வளவு தேய்த்தாலும் அலுமினியப் பொடி முழங்காலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். வெள்ளிப் பூண் போட்ட மாதிரி இரண்டு கால்களோடு சாத்தூருக்குப் பஸ் ஏறினார்.

மச்சினன் கருத்தப்பாண்டி பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தான். சோலையம்மாளின் தம்பி. பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டுகிறவன். வண்டி என்றால் அவனுக்குத் தெரியும் என்பது பெத்தணனின் கணக்கு.

நாலுவழிச் சாலைக்காக மண்ணைக் கிளறிப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பழைய கார் விற்றுக்கொண்டிருந்தான் சண்முகவேல். வெயிலில் தகரம் மொடமொடத்தது. ஒவ்வொரு காரின் முன்னாலும் ஒரு எலுமிச்சம்பழம், காய்ந்த மாலை. சண்முகவேல் இவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தான். அண்ணாச்சி ராசிக்காரர், ஒன்று கேட்டால் இரண்டு இருக்கிறது என்றான். அப்போதுதான் பெத்தணனுக்கு விசயமே தெரிந்தது. கார் ஒன்று. அதிலே சாதா மாடல் என்று ஒன்று, ஸ்போர்ட் மாடல் என்று ஒன்று. இரண்டும் ஒரே வருசத்துப் பிறப்பு. சாதா வெள்ளி நிறம். ஸ்போர்ட் கருஞ்சிவப்பு, பின்னால் டிக்கியில் சிவப்பு எழுத்து வரிசையாகச் சாய்ந்து ஓடியது. விலையில் ஐம்பதாயிரம் வித்தியாசம்.

"அந்த அம்பதாயிரத்துக்கு என்ன கூட இருக்கு?" என்று கேட்டார் பெத்தணன்.

சண்முகவேல் அதற்காகத்தான் காத்திருந்தவன் மாதிரி அவரைச் சிவப்பு வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்தான். விசையை அமுக்கினால் கண்ணாடி தானாக இறங்கியது, தானாக ஏறியது. ஸ்டீரிங்கை ஒரு விரலால் சுற்றிக் காட்டினான். சீட்டில் சிவப்பு நூலால் தையல் போட்டிருந்தது. கடைசியாக அவன் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, பத்தடி தள்ளி நின்று, சாவியில் இருந்த பொத்தானை அமுக்கினான்.

டக்.

நாலு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்ட சத்தம். பெத்தணன் கதவில் கை வைத்துத் தள்ளினார். திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். கண்ணாடி ஏறிக் கிடந்தது. உள்ளே பழைய தோல் வாசமும் சூடும். கைப்பிடி மாதிரி இருந்ததை இழுத்தார். அதுவும் சும்மா வந்து போனது. வெளியே சண்முகவேல் சாவியைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் மறுபடி அமுக்குவதற்குள் பெத்தணனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கதவு திறந்ததும் அவர் இறங்கின வேகத்தில் செருப்பு ஒன்று உள்ளேயே கிடந்துவிட்டது.

"மச்சான், என்ன இது, சின்னப்பிள்ள கணக்கா" என்று கருத்தப்பாண்டி செருப்பை எடுத்துக் கொடுத்தான்.

பெத்தணன் மூச்சு வாங்கி முடித்துத்தான் பேசினார். "வெளிய நிக்கிறவன் அமுக்குனா உள்ள இருக்கிறவன் மாட்டிக்கிடணும். இதுக்கு அம்பதாயிரம் கூடக் குடுக்கணுமாக்கும்."

அது பாதுகாப்புக்கு, பொம்பளைப்பிள்ளைகள் போகிற வண்டிக்கு அவசியம் வேண்டும் என்று சண்முகவேல் விளக்கினான். பெத்தணனின் காதில் அது ஏறவில்லை.

முப்பத்தோரு வருசமாக அவர் மருந்து கலக்குகிற அறை, எந்தக் கம்பெனியானாலும், எட்டடிக்கு எட்டடி. நாலு பக்கமும் நாலு கதவு. நாலும் வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே ஆள் இருக்கும்போது ஒன்றைக்கூடச் சாத்தக் கூடாது. மழை அடித்தாலும், மாடு வந்து எட்டிப் பார்த்தாலும் கூடாது. வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். வைத்ததும் முதல் வேலை நாலு கதவையும் எண்ணுவது. பல வருசத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியில், ஆடிக் காற்றுக்கு மருந்து பறக்கிறது என்று கூட வேலை பார்த்தவன் ஒருவன் வடக்குக் கதவுக்குக் கொண்டி போட்டான். பொறி கிளம்பினபோது பெத்தணன் தெற்குப் பக்கமாக விழுந்து உருண்டார். அவன் பழக்கத்தில் வடக்குப் பக்கம் ஓடினான். தான் போட்ட கொண்டியைத் தானே எடுக்க அவனுக்கு நேரம் இல்லை.

அதற்குப் பிறகு புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பெத்தணன் முதல் நாள் மருந்தைக் காட்டமாட்டார். கண்ணைத் துணியால் கட்டி அறைக்குள் விட்டு, வெளியே வா என்பார். நாலு தடவை, நாலு கதவு வழியாக. சின்ன வயசுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

"ரெண்டுக்கும் முன்பக்கத்தத் தொறடா மாப்ள" என்றார் கருத்தப்பாண்டியிடம்.

அவன் இரண்டு வண்டியின் மூடியையும் தூக்கி நிறுத்தினான். குனிந்து பார்த்தான், குழாயை இழுத்துப் பார்த்தான், உறுமவிட்டுப் பார்த்தான். எஞ்சின் இரண்டும் ஒன்றுதான் என்று கடைசியில் சொன்னான். ஸ்போர்ட்டில் ஸ்டீரிங் லேசாகச் சுற்றும், டயர் கொஞ்சம் அகலம், மற்றதெல்லாம் சொகுசு என்றான். பெத்தணனின் முகத்தில் அப்போதுதான் ஒரு வெளிச்சம் வந்தது.

"நெனச்சேன். மருந்து ஒண்ணு, லேபிள்தான் வேற."

அவருக்குத் தெரியாத சங்கதியா அது? காலையில் கலக்குகிற ஒரே குவியல் மருந்துதான். ஒரு ரூமில் அதை அடைத்து ரோஜாப்பூ லேபிள் ஒட்டுவார்கள். அடுத்த ரூமில் அதே மருந்துக்கு ஜரிகைத் தாள் சுற்றி டீலக்ஸ் என்று ஒட்டுவார்கள். வடக்கே போய் இறங்கும்போது ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. வெடிக்கிற சத்தத்தில் கலக்கினவனுக்கே வித்தியாசம் தெரியாது. வாங்குகிறவன் மட்டும் தெரிகிறது என்பான்.

வெள்ளி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடிக்குக் கையால் சுற்றுகிற பிடி. ஒவ்வொரு கதவின் மேலும் ஒரு சின்னக் குமிழ். கீழே அமுக்கினால் பூட்டு, மேலே தூக்கினால் திறப்பு. அவரவர் கதவுக்கு அவரவர் கை. நாலு குமிழையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதுதான் என்றார்.

சண்முகவேலுக்கு முகம் சுருங்கியது. மாப்பிள்ளை கேட்டது ஸ்போர்ட்டு என்று கருத்தப்பாண்டி அவன் காதில் ஏற்கெனவே போட்டுவைத்திருந்தான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "இதுக்குப் போயா ரோசனை பண்ணுறீக? சாதாவை எடுத்துக்கோங்க. பின்னால அந்தச் செவப்பு எழுத்த நான் ஒட்டித் தாரேன். சிவகாசியில இல்லாத ஸ்டிக்கரா அண்ணாச்சி?" என்றான்.

"ஒட்டுனா, வண்டிய நீயே வச்சுக்க" என்று சொல்லிப் பெத்தணன் இறங்கி அச்சாரத்தை எண்ணிக் கொடுத்தார்.

வீட்டில் அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு, சீனியவரைக்காய் வற்றல். தட்டை வைத்த சத்தத்திலேயே சோலையம்மாளுக்கு விசயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. தம்பிக்காரன் சொல்லியிருப்பான். நிலத்தையே விற்றாயிற்று, பிள்ளை மூணு வாரமாக மூலையில் கிடக்கிறாள், கடைசிப் படியில் வந்து நின்றுகொண்டு இந்த மனுசன் பிடிவாதம் பிடிக்கிறாரே என்று அவள் அடுப்பைப் பார்த்துப் பேசினாள். ஒரு கார் இரும்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாலு எழுத்துக்குக் கணக்குப் பார்ப்பார்களா என்றாள். அவர்களுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்துப் பிள்ளையை அனுப்புவதை விட்டுவிட்டு, பானட்டைத் திறந்து பார்த்தாராம், பெரிய எஞ்சினியர் என்றாள்.

பெத்தணன் வற்றலைக் கடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருசத்தில் இந்த வீட்டில் தான் சொன்னது சரி என்று ஒருநாள்கூட யாரும் ஒப்புக்கொண்டதில்லை. சரியாகவே சொன்ன நாட்களிலும்கூட.

செல்வலட்சுமி தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருசம் சிவகாசியில் ஒரு ஸ்டிக்கர் பிரஸ்ஸில் வேலை பார்த்தவள். கம்பெனி பஸ்ஸில் காலை ஏழுக்குப் போய் ராத்திரி எட்டுக்கு வருவாள். அதிகம் பேசுகிற சாதி இல்லை. அவள்தான் கேட்டாள், அந்தச் சிவப்பு வண்டியில் பூட்டு எப்படி இருந்தது என்று. அவர் சொன்னார். ஓட்டுகிறவன் ஒரு தரம் அமுக்கினால் நாலும் பூட்டிக்கொள்ளும், அவன் நினைத்தால்தான் திறக்கும் என்றார்.

"அங்க வீடும் அப்பிடித்தான்யா" என்றாள் அவள். சாதாரணமாகத்தான் சொன்னாள். "அவுகளும் அத்தையும் வெளிய போனா வெளிவாசலப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுத்தான் போவாக. களவு பயமாம்."

"நீ எங்க இருப்ப?"

"நான் உள்ளதான்யா இருப்பேன்."

பெத்தணனின் கை சோற்றிலேயே நின்றது. சோலையம்மாள் அடுப்பிலிருந்து திரும்பி மகளைப் பார்த்தாள்.

"போகணுமாத்தா உனக்கு?" என்று கேட்டார். கேட்டபிறகுதான், இதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும் என்று அவருக்கு உறைத்தது.

"போகணும்யா. போகாம இங்கன இருந்தா ஊரு பாக்கிற பார்வையும் ஒரு பூட்டுதான். அங்கன ஒரு பிரஸ்ஸுல ஆள் எடுக்காக. வேலைக்குப் போறேன்னு அவுககிட்டக் கேட்டிருக்கேன். அவுக ஒண்ணும் கெட்டவுக இல்ல. ஆத்தா சொல்லத் தட்டமாட்டாக, அம்புட்டுத்தான். நான் போயிப் பேசிக்கிடுதேன்." செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்க."

மறுநாள் கருத்தப்பாண்டியின் செல்போனில் மாப்பிள்ளை கூப்பிட்டான். ஸ்போர்ட்டுதானே மாமா என்று ஒரே கேள்வி. பெத்தணன், "வண்டி வருது மாப்ள, வெள்ளிக்கிழமை வாங்க" என்று சொல்லிப் போனை மச்சினன் கையில் கொடுத்துவிட்டார். பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலும் சொல்லவில்லை. வண்டியைக் கண்ணால் பார்த்து, மூடியைத் திறந்து காட்டி, எஞ்சின் ஒன்றுதான் என்று எடுத்துச் சொன்னால் படித்த பிள்ளை புரிந்துகொள்வான் என்று அவர் நம்பினார். யாரையும் நம்பாத மனுசனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கருத்தப்பாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். தெருவே கூடிவிட்டது. பிள்ளைகள் புழுதி படிந்த கண்ணாடியில் விரலால் கோலம் போட்டார்கள். சோலையம்மாள் சூடம் காட்டினாள். பெத்தணன் வண்டியைச் சுற்றி வந்தவர் பின்பக்கம் போய் நின்றுவிட்டார். டிக்கியில் சிவப்பு எழுத்து வரிசையாகச் சாய்ந்து ஓடியது.

படிக்கத் தெரியாவிட்டால் என்ன, லேபிள் தெரியும். ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். புதுசு. ஒட்டி ஒருநாள்கூட ஆகியிருக்காது. கருத்தப்பாண்டி தரையைப் பார்த்தான். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன் மச்சான், அக்காதான் சண்முகவேலுக்குச் சொல்லிவிட்டாளாம் என்று முணுமுணுத்தான். சோலையம்மாள் சூடத் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

பெத்தணன் வெந்நீர் போடச் சொன்னார். யாரும் போடவில்லை. தானே போட்டுக்கொண்டு வந்தார். துணியை நனைத்து எழுத்தின் மேல் ஒத்தடம் கொடுத்தார். அப்புறம் பட்டாசுக் கட்டுக் கட்டுகிற நூலை இரண்டு கையிலும் சுற்றி, ஒரு முனையில் செருகி, ரம்பம் அறுக்கிற மாதிரி மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே போனார். ஒட்டின லேபிளைக் கிழியாமல் எடுக்கிற வித்தை அது. எழுத்து முழுசாகக் கழன்று வந்தது. அதைச் சுருட்டி எறியப் போனவரிடம் செல்வலட்சுமி, "இங்கன குடுங்க" என்று கை நீட்டினாள். வழவழப்பான பழைய காலண்டர் தாளின் மேல் அதைச் சுருக்கம் விழாமல் படியவைத்தாள்.

"எதுக்கு அது?"

"நல்ல கட்டிங்கு. பசை இன்னும் சாகலை" என்று சொல்லி உள்ளே கொண்டுபோய்விட்டாள். ஆறு வருசம் அந்த வேலை பார்த்தவள், எறிய மனசு வந்திருக்காது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தெரு கலைந்தபிறகு மகளை வண்டியின் பின்சீட்டில் இடது பக்கம் உட்காரவைத்தார். கண்ணை மூடிக்கொள் என்றார். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார். அவள் கையால் தடவிக் குமிழைக் கண்டுபிடித்துத் தூக்கி, கைப்பிடியை இழுத்து, கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். இன்னொரு தரம் என்றார். மூன்றாவது தரம் தடவவே இல்லை, கை நேராகப் போனது. அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரை மணி பஸ்ஸில் செழியனும் பொன்னுத்தங்கமும் வந்து இறங்கினார்கள். கோழி அடித்திருந்தது. சாத்தூர்ச் சேவு இரண்டு கிலோ பொட்டலம் கட்டியிருந்தது. பெத்தணன் பாதி நாள் கூலியை விட்டுவிட்டுச் சீக்கிரமே வந்து காத்திருந்தார். வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. வாசலில் நின்ற வண்டியைத்தான் முதலில் பார்த்தார்கள்.

செழியன் ஒரு சுற்று வந்தான். முகம் மலர்ந்துதான் வந்தான். பின்பக்கம் போனவன் அங்கேயே கொஞ்சம் நின்றான். பிறகு கதவைத் திறந்து உட்கார்ந்து, கண்ணாடிப் பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"மாமா, இது சாதா."

"ஆமா மாப்ள. இங்க வாங்க, ஒண்ணு காட்டுதேன்." பெத்தணன் முன்மூடியைத் தூக்கினார். ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதே எஞ்சின், அதே ஓட்டம், எண்ணெய் குடிக்கிறதும் அதேதான், லாரிக்காரன் இரண்டையும் உறுமவிட்டுப் பார்த்துச் சொன்னது. "லேபிளுக்குத்தான் மாப்ள அந்த ரூவா. நான் தெனமும் பாக்கிற வேலை. எனக்குத் தெரியாதா?"

செழியன் எஞ்சினைப் பார்க்கவில்லை. தெருவில் நின்றவர்களைப் பார்த்தான். "எனக்கும் தெரியும் மாமா, எஞ்சின் ஒண்ணுதான்" என்றான் தணிந்த குரலில். "ஆபீஸ்ல எல்லார்ட்டயும் ஸ்போர்ட்டுன்னு சொல்லிட்டேன். நான் டயர் விக்கிறவன். எந்த வண்டியில வந்து எறங்குறான்னு பாத்துத்தான் கடைக்காரன் ஆர்டர் குடுக்கான். இத எப்பிடிக் கொண்டுபோய் நிறுத்த?"

தெரியாமல் கேட்கிறவனுக்குத்தான் சொல்லி விளங்கவைக்கலாம். தெரிந்தே கேட்கிறவனுக்கு என்னத்தைச் சொல்ல?

பொன்னுத்தங்கம் முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். "ஒண்ணும் அவசரமில்ல சம்பந்தி. உங்களுக்கும் சீசன் நேரம். நல்லா விசாரிச்சு அந்த வண்டியாவே பாருங்க. அதுவரைக்கும் பிள்ளை இங்கனயே இருக்கட்டும். ஆத்தா வீட்டுல இருக்க கசக்குமா என்ன?"

தெருவில் யாரோ இருமினார்கள். சோலையம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு புருசனைப் பார்த்த பார்வையில், வாசலில் மூட்டை கட்டிவைத்த சீர் சாமான் அத்தனையும் இருந்தது. பெத்தணன் தூக்கின மூடியை இறக்காமல் பிடித்தபடியே நின்றார். கை வலித்தது. தன்மேல் ஒரு தப்பும் இல்லை என்பதும், அதனால் சல்லிக்காசுப் பிரயோசனம் இல்லை என்பதும் சேர்ந்தே தெரிந்தது.

உள்ளேயிருந்து செல்வலட்சுமி வந்தாள். பட்டுச்சேலை, பூ, கையில் காலண்டர் தாள். யாரையும் பார்க்காமல் வண்டியின் பின்பக்கம் போனாள். முந்தானையால் டிக்கியைத் தூசி போகத் துடைத்தாள். நேற்று இருந்த இடத்தின் அடையாளத்தைக் கண்ணாலேயே அளந்தாள். தாளிலிருந்து எழுத்தை உரித்து, ஒரு முனையைப் பொருத்தி, உள்ளங்கையால் நீவிக்கொண்டே போனாள். ஒரு கொப்புளம் இல்லை. ஒரு நூல் கோணல் இல்லை. பிரஸ்ஸில் அவளுக்கு இதற்குத்தான் மற்றவர்களைவிடக் கூலி கூட. கடைசி எழுத்தின் ஓரத்தைப் பெருவிரலால் ஒருதரம் அழுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"போதுமா?" என்றாள் செழியனிடம். "போலாமா?"

செழியன் இறங்கி வந்து குனிந்து பார்த்தான். அப்புறம் தெரு முனைவரைக்கும் நடந்து போய், அங்கே நின்று ரோட்டில் போகிறவன் பார்க்கிற மாதிரி ஒருதரம் பார்த்தான். காது சிவந்திருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினான்.

"தூரத்துல இருந்து பாத்தா என்ன தெரியப்போகுது" என்றாள் பொன்னுத்தங்கம். "நல்ல கைதான் பிள்ளைக்கு."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கோழிக்குழம்பும் சோறும் பந்தியாயின. பெத்தணனைத் தவிர எல்லோரும் சாப்பிட்டார்கள். மருமகன் இரண்டாந்தரம் குழம்பு கேட்டு வாங்கினான். நல்லா இருக்கு அத்தை என்றான். சோலையம்மாளுக்கு அதிலேயே உயிர் வந்துவிட்டது. குத்துவிளக்கும் அரிசி மூட்டையும் சேவுப் பொட்டலமும் டிக்கிக்குள் போயின. டிக்கியைச் சாத்தினபோது சிவப்பு எழுத்து வெயிலில் பளிச்சென்றது. பெத்தணன் அதைப் பார்க்காமல் இருக்கத் திரும்பி நின்றார். வெறும் தாள் ஒட்டி விற்கிறார்கள் என்று காலமெல்லாம் கம்பெனிக்காரனைத் திட்டியவர். இன்றைக்குத் தன் வீட்டு வாசலிலிருந்து ஒரு லோடு போகிறது. ஒட்டினது சொந்த மகள்.

பொன்னுத்தங்கம் முன்சீட்டில் மகனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். செல்வலட்சுமி பின்னால், இடது பக்கம். ஆத்தாளிடம் சொல்லிக்கொண்டாள். அய்யாவிடம் வந்து நின்றாள். அவருக்கு ஏதோ சொல்ல இருந்தது. வாயில் வந்தது, "கண்ணாடிய எறக்கி வச்சுக்க, சூடு" என்பதுதான்.

"சரிய்யா" என்றாள்.

செழியன் வண்டியை உறுமவிட்டான். தன் பக்கத்துக் குமிழை அமுக்கினான். பின்னால் எட்டித் தனக்குப் பின்பக்கக் கதவின் குமிழையும் அமுக்கினான். "அம்மா, பூட்டிக்கோங்க. செல்வி, உன் கதவப் பூட்டிக்க" என்றான். பொன்னுத்தங்கம் அமுக்கின சத்தம் கேட்டது. வண்டி நகர்ந்தது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள்.

பெத்தணன் நின்ற இடத்தைக் கடந்துதான் வண்டி போக வேண்டும். தெரு குறுகல், மெல்லத்தான் போனது. காலையில் மருந்து அறைக்குள் கால் வைத்ததும் எண்ணுகிற மாதிரி அவர் தன்னையறியாமல் எண்ணினார். ஓட்டுகிறவன் பக்கம் குமிழ் இறங்கியிருந்தது. அவனுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. ஆத்தாக்காரி பக்கம் இறங்கியிருந்தது. கடைசிக் கதவில் கண்ணாடி பாதி இறங்கிக் கிடந்தது. செல்வலட்சுமி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கை கதவின் மேல் இருந்தது. கைக்குப் பக்கத்தில் குமிழ் ஏறியே நின்றது.